பிளெண்டரில் செய்த சப்டி மாடலை நர்ப்ஸாக மாற்றி டூல்ரூமுக்குக் கொடுப்பது எப்படி?

பிளெண்டர்_மாறன் | திங்கள், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். மிக்ஸி ஜாருக்கு ஒரு கைப்பிடி வடிவமைக்கும் வேலை வந்திருக்கிறது. உயரம் 118 மி.மீ., ஏபிஎஸ் பிளாஸ்டிக், உள்ளே வெற்றிடம், சுவர்த் தடிமன் 2.5 மி.மீ. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் சப்டிவிஷன் மாடிஃபையர் (முரட்டு மெஷ்ஷைப் பிரித்துப் பிரித்து வழவழப்பாக்குவது, சுருக்கமாகச் சப்டி) போட்டுச் செய்தேன். கேஜில் (அந்த முரட்டு மெஷ்ஷில்) மொத்தம் 184 முகங்கள், எல்லாமே நான்கு பக்கம் உள்ளவை. 3டி பிரிண்ட் எடுத்து வாடிக்கையாளர் கையில் கொடுத்தேன். பிடித்துப் பார்த்ததுமே சரி என்றுவிட்டார். கட்டைவிரல் வைக்கும் குழிவு அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அதற்கப்புறம்தான் சிக்கல். மோல்டு செய்பவருக்கு எஸ்டிஎல் (வெறும் முக்கோணங்களாலான கோப்பு) அனுப்பினேன். "இது வேண்டாம், சாலிட் அனுப்புங்க" என்றார். ஃப்ரீகேடில் அந்த மெஷ்ஷை ஷேப்பாக்கி, சாலிடாக்கி, ஸ்டெப் (சாலிட் மாடலுக்கான கோப்பு) எடுத்து அனுப்பினேன். திறக்கவே பத்து நிமிடம் ஆனதாம். திறந்தால் முழுக்க முக்கோணம், ஒரு ஃபில்லெட்கூட (விளிம்பை உருட்டுவது) போட முடியவில்லை என்கிறார்.

கேட் (கணினி வழிப் பொறியியல் வரைவு) மென்பொருளில் முதலிலிருந்து மறுபடி வரையலாம். ஆனால் அந்தக் கட்டைவிரல் குழிவை ஸ்கெட்ச், லாஃப்ட் (குறுக்கு வடிவங்களை இணைத்துப் பரப்பாக்குவது) என்று போனால் என்னால் கொண்டுவர முடியவில்லை, இரண்டு நாள் முயன்றுவிட்டேன். சப்டியை முறையாக நர்ப்ஸாக (கணிதச் சமன்பாட்டால் எழுதப்படும் வழவழப்பான கேட் பரப்பாக) மாற்ற வழி இருக்கிறதா?

கோவை_டூல்ரூம் | திங்கள், இரவு 10:15

தம்பி, அவர் சொன்னது சரிதான். 22 வருஷமாக எனக்கும் இதே வேலை, அதனால் எங்கள் பக்கத்துக் கஷ்டத்தைச் சொல்கிறேன்.

மாடிஃபையரை லெவல் 3இல் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். லெவலுக்கு ஒருமுறை ஒவ்வொரு முகமும் நான்காகப் பிரியும். மூன்று லெவலில் ஒன்று 64 ஆகிவிடும். 184 முகம் 11,776 ஆகி, எஸ்டிஎல்லில் 23,552 முக்கோணமாக வரும். ஃப்ரீகேட் அந்த 23,552ஐயும் தனித்தனி முகமாக ஸ்டெப்பில் எழுதியிருக்கிறது. பெயருக்கு அது சாலிட். ஆனால் பார்ட்டிங் லைன் (மோல்டின் இரு பாதிகளும் சந்திக்கும் கோடு) எடுக்க நான் ஒரு விளிம்பைத் தொட வேண்டும். அந்த விளிம்பு நூற்றுக்கணக்கான துண்டாக உடைந்து கிடந்தால் எதைத் தொடுவது? டிராஃப்ட் (பீஸ் சிக்காமல் கழன்று வரச் சுவருக்குத் தரும் சரிவு) கொடுக்க ஒரு முகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதுவும் நடக்காது.

இன்னொரு விஷயம் தட்டை. 15 மி.மீ. ஆரமுள்ள வளைவில் 1.5 மி.மீ. அகலத்தில் ஒரு தட்டை விழுந்தால், நடுவில் உண்மையான வளைவிலிருந்து 0.02 மி.மீ. அளவுக்கு விலகும். விரலால் தடவினால் தெரியாது. ஆனால் கேவிட்டியை (மோல்டில் வெளிப்பரப்பை உண்டாக்கும் குழியை) கண்ணாடி போல பாலிஷ் செய்து, கறுப்பு ஏபிஎஸ்ஸில் பீஸ் எடுத்து, டியூப்லைட்டுக்குக் கீழே திருப்பிப் பாருங்கள். மீன் செதில் மாதிரி ஒவ்வொரு தட்டையும் மின்னும். லெவலை 5க்கு ஏற்றினால் தட்டை குறையும், ஆனால் முக்கோணம் 16 மடங்காகும். அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள்.

மாற்றும் வழியை இங்கே தெரிந்தவர்கள் சொல்வார்கள். எனக்கு வேண்டியது ஒரே மூடிய பாடி, 100க்குள் முகங்கள், நடுவில் சுத்தமான ஒரு பார்ட்டிங் விளிம்பு.

கணிதவாணி | திங்கள், இரவு 11:02

மாறன், உங்கள் கைப்பிடியின் பெரும்பகுதி ஏற்கெனவே நர்ப்ஸ்தான். அதை வெளியே எடுத்து எழுதுவது மட்டும்தான் பாக்கி.

பிளெண்டர் பயன்படுத்துவது கேட்மல்–கிளார்க் முறை. எட்வின் கேட்மலும் ஜிம் கிளார்க்கும் 1978இல் இதை வெளியிட்டது கம்ப்யூட்டர் எய்டட் டிசைன் என்ற ஆய்விதழில். டூ, சேபின் இருவரும் எழுதிய இன்னொரு சப்டிவிஷன் கட்டுரையும் அதே இதழில்தான் வந்தது. சினிமாக்காரர்களின் கருவி என்று பலர் நினைக்கிறார்கள், பிறந்த இடம் கேட்தான். பிக்சார் அதைக் கையில் எடுத்துக் குறும்படத்தில் ஒரு முதியவரின் தலையையும் கையையும் செய்தது 1997இல்.

அவர்கள் தொடங்கியதே பி-ஸ்ப்லைனிலிருந்து (கன்ட்ரோல் பாயிண்ட்கள் இழுத்து உருவாக்கும் வழவழப்பான வளைவு, நர்ப்ஸுக்கும் அதுதான் அடிப்படை). ஒரு முனையில் சரியாக நான்கு விளிம்புகள் கூடினால் அதைச் சீரான முனை என்று வைத்துக்கொள்வோம். ஒரு முகத்தின் நான்கு மூலைகளும் சீராக இருந்தால், அந்த முகத்தையும் அதைச் சுற்றியுள்ள எட்டு முகங்களையும் பாருங்கள். மொத்தம் 16 புள்ளிகள். அந்த 16தான் இரு திசையிலும் மூன்றாம் படியுள்ள ஒரு பி-ஸ்ப்லைன் பேட்ச்சின் (பரப்புத் துண்டின்) கன்ட்ரோல் பாயிண்ட்கள். மாடிஃபையர் முடிவில்லாமல் பிரித்துக்கொண்டே போனால் எந்தப் பரப்பு வருமோ, அதே பரப்பு இந்த 16 புள்ளிகளில் முழுத் துல்லியமாக அடங்கிவிடுகிறது.

சிக்கல் மூன்று அல்லது ஐந்து விளிம்புகள் கூடும் முனைகளில். நாங்கள் ஸ்டார் பாயிண்ட் என்போம். ஐந்து கூடும் ஒரு முனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றி ஐந்து முகங்கள். ஒருமுறை பிரித்தால் ஒவ்வொரு முகமும் நான்காகும். அதில் மூன்று சீராகிவிடும், முனையை ஒட்டிய ஒன்று மட்டும் அப்படியே நிற்கும். ஆக ஒரு சுற்றுக்கு 15 நல்ல பேட்ச் கிடைக்கிறது, நடுவில் ஏறக்குறைய பாதி அளவுக்குச் சுருங்கிய ஒரு ஓட்டை மிச்சம். மறுபடி பிரித்தால் இன்னும் 15, இன்னும் சிறிய ஓட்டை. கோலத்தில் நடுப் புள்ளியைச் சுற்றி வளையம் வளையமாக இழுத்துக்கொண்டே போவது போல. ஐந்து சுற்றில் 75 பேட்ச் வந்திருக்கும், ஓட்டை அப்போதும் இருக்கும். எண்ணி முடிக்கக்கூடிய பேட்ச்களால் அந்த இடத்தைத் துல்லியமாக மூட முடியாது. எந்த மென்பொருளானாலும் ஒரு கட்டத்தில் நிறுத்தி, மிச்ச ஓட்டையைத் தோராயமான பேட்ச்களால் அடைத்தே ஆக வேண்டும். மென்பொருளுக்கு மென்பொருள் தரம் வேறுபடுவது இந்த அடைப்பில்தான்.

யோர்க் பீட்டர்ஸ் 2000இல் இதற்கு ஒரு நல்ல வழி கொடுத்தார். கேஜிலிருந்து நேராகப் பெரிய நர்ப்ஸ் பேட்ச்கள் வரும், ஸ்டார் பாயிண்ட்டில் தொடுதளம் மட்டும் ஒத்துப்போகும். 2008இல் லூப்பும் ஷேஃபரும் கொடுத்தது வேறு. அது கிராபிக்ஸ் கார்டுக்காக. ஸ்டார் பாயிண்ட் அருகே பேட்ச்கள் விளிம்பில் தொடும், அவ்வளவுதான். வழவழப்பாகத் தெரிவதற்கு வெளிச்சத்துக்கென்று தனியாகத் தொடுகோட்டுக் கணக்கு வைத்திருப்பார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு, திரையில் நன்றாக இருக்கிறதே, கேடில் ஏன் மடிப்பு தெரிகிறது என்று கேட்பவர்கள் நிறையப் பேர்.

ஃப்யூஷன்_பாண்டி | செவ்வாய், காலை 7:20

ஃப்யூஷன் (ஆட்டோடெஸ்க்கின் கேட் மென்பொருள்) வைத்திருந்தால் வேலை சுலபம். கேஜை ஓபிஜே என்ற மெஷ் கோப்பாக உள்ளே கொண்டுவந்து, ஃபார்ம் பகுதியில் குவாட் மெஷ்ஷை டி-ஸ்ப்லைனாக மாற்றுங்கள். ஃபினிஷ் ஃபார்ம் அழுத்தினால் பிரெப் பாடி (உண்மையான கேட் சாலிட்) வந்துவிடும். டி-ஸ்ப்லைன் என்பது செடர்பெர்க் குழு 2003இல் வெளியிட்டது, ஆட்டோடெஸ்க் 2011இல் வாங்கியது. என் அனுபவத்தில் 200 முகத்துக்குள் இருக்கும் கேஜ் தொந்தரவில்லாமல் மாறும். மாடிஃபையர் அப்ளை செய்த மெஷ்ஷைக் கொண்டுவந்தால் தொங்கிவிடும். கேஜை மட்டும் கொண்டுவாருங்கள்.

ரைனோ_கயல் | செவ்வாய், காலை 10:48

பாண்டி அண்ணா சொன்ன வழியும் நல்ல வழிதான். நான் தினமும் நகை மாடலும் சின்னச் சின்ன வீட்டு உபயோகப் பொருட்களும் ரைனோ என்ற கேட் மென்பொருளில் செய்கிறவள், அதனால் ரைனோ வழியை விரிவாக எழுதுகிறேன். 2020 டிசம்பரில் வந்த ரைனோ 7இலிருந்து சப்டி உள்ளேயே இருக்கிறது. 90 நாள் முழு வசதியோடு இலவசமாகப் பயன்படுத்தலாம். மாறனின் வேலைக்கு அது போதும்.

முதலில் பிளெண்டரிலேயே முடிக்க வேண்டியவை. ஸ்கேலை அப்ளை செய்யுங்கள். மிரர் போட்டிருந்தால் அதை அப்ளை செய்து, நடுக்கோட்டுப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு புள்ளிகள் ஒளிந்துகொண்டிருந்தால் பின்னால் பரப்பு அங்கே கிழியும். நார்மல் (முகம் பார்க்கும் திசை) எல்லாம் வெளியே பார்க்கட்டும். ஓபிஜே எடுக்கும்போது அப்ளை மாடிஃபையர், டிரையாங்குலேட் இரண்டையும் எடுத்துவிடுங்கள். பிளெண்டரின் ஒரு அலகு மீட்டரா மில்லிமீட்டரா என்பதையும் கவனியுங்கள். 118 மி.மீ. கைப்பிடி 0.118 மி.மீ. ஆக உள்ளே வந்து, டாலரன்ஸ் (அனுமதிக்கும் விலகல்) 0.001இல் எல்லா விளிம்பும் சிதைந்துபோனதை நானே பார்த்திருக்கிறேன்.

ரைனோவில் கோப்பைத் திறந்து டூசப்டி கொடுங்கள். கேஜ் வழவழப்பான சப்டி ஆகும். டேப் விசையை அழுத்தி அழுத்தி, கட்டையான தோற்றத்தையும் வழவழப்பான தோற்றத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். பிளெண்டரில் பார்த்த அதே உருவம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பெரும்பாலும் கிரீஸ்தான் (விளிம்பைக் கூர்மையாக வைக்கும் அமைப்பு) காரணம். ஓபிஜே வழியாகக் கிரீஸ் சரியாக வந்து சேராது, ரைனோவுக்குள் விளிம்புகளைத் தேர்ந்தெடுத்து மறுபடி கிரீஸ் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் டூநர்ப்ஸ். அதில் இரண்டு விருப்பங்களை மட்டும் கவனித்தால் போதும். ஒன்று பேக்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் அடுத்தடுத்த சீரான முகங்களைச் சேர்த்துப் பெரிய பரப்புகளாக எழுதும். கோவை சார் கேட்ட 100க்குள் முகங்கள் அப்படித்தான் வரும். இன்னொன்று ஸ்டார் பாயிண்ட்டில் எவ்வளவு தொடர்ச்சி வேண்டும் என்பது. ஜி1 (தொடுதளம் ஒத்துப்போவது) வைத்துத் தொடங்குங்கள், ஸீப்ராவில் (பரப்பில் வரிகளை ஓடவிட்டு வழவழப்பைப் பார்க்கும் சோதனை) திருப்தி இல்லை என்றால் மேலே போகலாம்.

முடிந்ததும் ஷோஎட்ஜஸ் கொடுத்துத் திறந்த விளிம்பு பூஜ்யம்தானா என்று பாருங்கள். பூஜ்யமாக இல்லாமல் ஸ்டெப் எடுக்காதீர்கள்.

வளைகோடு | செவ்வாய், மாலை 6:30

எல்லோரும் பட்டனைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கார் வெளிப்புறப் பரப்பு வேலையில் இருப்பவன். எங்கள் குழுவில் சப்டியை மாற்றி நேராக டூலிங்குக்கு அனுப்ப மாட்டோம். சப்டி மாடலைப் பின்னணியில் வைத்துக்கொண்டு, அதன் மேல் பெரிய பேட்ச்களாகப் புதிதாகப் பரப்பு கட்டுவோம். காரணம் இருக்கிறது.

மாற்றி வரும் பரப்பு மூன்றாம் படி. துண்டுகள் சேரும் ஒவ்வொரு இணைப்பிலும் வளைவு ஒத்துப்போகும், வளைவு மாறும் வேகம் ஒத்துப்போகாது. வளைவுச் சீப்பை (வளைவின் அளவைச் சீப்புப் பல் போன்ற கோடுகளாகக் காட்டும் கருவி) போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு கேஜ் கோட்டிலும் சீப்பின் முனை உடைந்து திரும்பும். ஒரு கதவு அளவுள்ள பேனலில் அது தெரியும். நான் அதே இடத்தை ஒரே ஸ்பானில் (துண்டில்) ஐந்தாம் படி பேட்ச்சாகக் கட்டினால் சீப்பு எண்ணெய் தடவின மாதிரி ஓடும். பேட்ச் எண்ணிக்கையும் குறைவு. நாளைக்கு யாராவது மேல்கோட்டை 2 மி.மீ. தூக்கச் சொன்னால் பத்து நிமிடத்தில் முடிப்பேன். மாற்றி வந்த பாடியில் 40 பரப்பைப் பிரித்து மேய வேண்டும்.

மாறன் தம்பி, அந்தக் கட்டைவிரல் குழிவை லாஃப்டில் கொண்டுவர முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் குழிவை மறந்துவிட்டுக் கைப்பிடியின் முதன்மைப் பரப்பை மட்டும் கட்டுங்கள். பிறகு குழிவைத் தனிப் பரப்பாக அதன் மேல் பிளெண்ட் செய்யுங்கள். கற்றுக்கொள்ளும் காலத்தில் இதைச் செய்துவிட்டால் வாழ்நாள் முழுக்க உதவும்.

கோவை_டூல்ரூம் | செவ்வாய், இரவு 8:05

வளைகோடு சார் சொல்வதில் தவறே இல்லை, கார் பேனலுக்கு. இது உள்ளங்கை அளவு கைப்பிடி. வெளிப்பரப்பில் லேசான டெக்ஸ்சர் வரப்போகிறது என்றால் மூன்றாம் படியா ஐந்தாம் படியா என்று பீஸைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. மறுபடி கட்ட ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்தில் என்னிடம் ஸ்டீல் வந்து இறங்கிவிடும். எங்கே ஒரு வாரம் செலவழிக்க வேண்டும், எங்கே வேண்டாம் என்பதைப் பொருளைப் பார்த்து முடிவு செய்யலாம்.

அந்தப் பாடியை மாற்றும்போது எனக்கு வேறு கவலை. டிராஃப்ட். இந்தக் கைப்பிடி இரண்டு பாதியாக, நடுவில் பார்ட்டிங். இரண்டு பக்கமும் சமச்சீர் கேஜ் என்றால் நடுக்கோட்டில் பரப்பு பார்ட்டிங் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும், அதாவது டிராஃப்ட் பூஜ்யம். வளைவு உடனே உள்ளே திரும்பிவிட்டால் பரவாயில்லை. ஆனால் நடுக்கோட்டிலிருந்து 20 மி.மீ. தூரம் நேராகவே போகிற பக்கச் சுவர் இருந்தால் பீஸ் வெளியே வரும்போது உரசும், கோடு விழும். குறைந்தது 1 டிகிரி வேண்டும். 20 மி.மீ. தூரத்துக்கு அது 0.35 மி.மீ. தான். கேஜில் அடுத்த லூப்பை (சுற்றி வரும் விளிம்பு வரிசையை) கொஞ்சம் உள்ளே தள்ளினால் முடிந்தது. மாற்றிய பிறகு டிராஃப்ட் கேட்டால் கேட் செய்யாது. மாற்றுவதற்கு முன்னாலேயே கேஜில் கொடுத்துவிடுங்கள்.

பிளெண்டர்_மாறன் | புதன், இரவு 11:30

கயல் அக்கா சொன்ன வரிசையில் செய்தேன். மாறிவிட்டது! 184 முகம் பேக்டில் 52 பரப்புகளாக வந்தது, திறந்த விளிம்பு இல்லை. ஸ்டெப் 2 எம்பிக்குள். ரொம்ப நன்றி.

ஆனால் மூன்று இடத்தில் நிற்கிறேன்.

ஒன்று. ஜாரின் மேல் கிளாம்ப்புக்கும் கீழ் கிளாம்ப்புக்கும் நடுவே 74 மி.மீ. இருக்க வேண்டும். கேஜில் 74 என்று அளந்து வைத்தேன். மாறிய பரப்பில் 71.6 காட்டுகிறது. எப்படிச் சுருங்கியது?

இரண்டு. திருகு போகும் துளைகளையும் கேஜிலேயே எட்டுப் புள்ளி வளையமாகச் செய்திருந்தேன். கேடில் விட்டம் கேட்டால், இது வட்டமில்லை என்று அளவு தர மறுக்கிறது.

மூன்று. ஷெல் (உள்ளே குடைந்து சுவர் மட்டும் விடுவது) 2.5 மி.மீ. கொடுத்தால் தோற்கிறது. 1.2க்கு வருகிறது, 1.5க்கு மேல் வரவில்லை.

கணிதவாணி | வியாழன், காலை 6:10

ஒன்றும் இரண்டும் என் பக்கம்.

கேஜ் வேறு, பரப்பு வேறு. கேஜின் புள்ளிகள் பரப்பை இழுக்கின்றன, பரப்பு அவற்றைத் தொடுவதில்லை. சீரான ஒரு முனையின் இறுதி இடம் எது என்றால், அந்தப் புள்ளிக்கு 16 பங்கு, விளிம்பால் இணைந்த நான்கு பக்கத்துப் புள்ளிகளுக்குத் தலா 4 பங்கு, மூலைவிட்டத்தில் இருக்கும் நான்குக்குத் தலா 1 பங்கு, மொத்தத்தை 36ஆல் வகுக்க வேண்டும். தன் இடத்தில் பாதிக்கும் குறைவான பங்குதான் அந்தப் புள்ளிக்கே. பக்கத்துப் புள்ளிகள் உள்ளே இருந்தால் பரப்பும் உள்ளே போகும்.

100 மி.மீ. கனசதுரத்தைக் கேஜாக வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வரும் உருண்டை முகத்துக்கு முகம் 84 மி.மீ. தான் இருக்கும். அதுவும் கோளம் இல்லை. மையத்திலிருந்து முகத்தின் நடுவுக்கு 42.0, மூலைத் திசையில் 43.3. கண்ணுக்குக் கோளம் போலத் தெரியும் ஒரு பொருளில் 1.3 மி.மீ. வித்தியாசம். உங்கள் 74 எப்படி 71.6 ஆனது என்பதற்கு இதுதான் விடை.

துளைக்கும் இதே கதை. கேட்மல்–கிளார்க் பரப்பில் எடை எல்லாம் சமம். உண்மையான வட்டத்துக்கு எடை வேறுபடும் நர்ப்ஸ் வேண்டும், அந்தப் பெயரில் இருக்கும் ஆர் (ரேஷனல்) குறிப்பது அதைத்தானே. எட்டுப் புள்ளி வளையம் வட்டத்துக்கு ரொம்பக் கிட்டே வரும், ஆனால் வட்டமாகாது. 50 மி.மீ. விட்டத்தில் ஆரம் 0.03 மி.மீ. ஏறி இறங்கும், விட்டத்தில் சுமார் 0.06. அந்த அளவில் ஒரு பேரிங் இருக்கைக்கு எச்7 என்ற துளை வகைக்கான டாலரன்ஸ் மொத்தமே 0.025 மி.மீ. நான்கே புள்ளியில் செய்திருந்தால் அதே 50 மி.மீ. துளையில் ஆரம் 0.7 மி.மீ. வரை அலையும்.

ஆகவே துளை, திருகு பாஸ் (திருகு இறங்கும் தூண்), தட்டையாக உட்கார வேண்டிய முகம், இதில் எதையும் கேஜில் செய்யாதீர்கள். கேஜிலிருந்து துளைகளை நீக்கிவிடுங்கள். அந்த இடத்தில் பல ஸ்டார் பாயிண்ட்களும் சேர்ந்தே போய்விடும்.

ரைனோ_கயல் | வியாழன், காலை 9:15

வாணி அக்கா சொன்னதோடு ஒன்று. கிளாம்ப் முகங்களைக் கேஜில் 74க்குக் கொண்டுவரப் பாடுபட வேண்டாம். அந்தப் பக்கங்களைக் கேஜில் 3 மி.மீ. நீட்டிவிடுங்கள். நர்ப்ஸாக மாற்றிய பிறகு, சரியாக 74 இடைவெளியில் இரண்டு தளங்கள் வைத்து வெட்டுங்கள். தட்டையும் கிடைக்கும், அளவும் மைக்ரான் சுத்தமாக வரும். நான் எந்த மாடலிலும் பொருந்தும் முகங்களை இப்படி நீட்டி வெட்டித்தான் எடுக்கிறேன்.

ஷெல்லுக்கு: முதலில் ஸ்டார் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். படம் போட முடியுமா?

பிளெண்டர்_மாறன் | வியாழன், மதியம் 1:40

படம் போட்டிருக்கிறேன். கட்டைவிரல் குழிவின் உதட்டில், வளைவு அதிகமாக இருக்கும் இடத்திலேயே ஐந்து விளிம்பு முனைகள் இரண்டு இருக்கின்றன. இன்னும் இரண்டு கைப்பிடி மேலே திரும்பும் முழங்கையில்.

ரைனோ_கயல் | வியாழன், மதியம் 2:25

அதுதான் காரணம். ஷெல் என்றால் பரப்பை உள்ளே 2.5 மி.மீ. நகர்த்துவது. வெளியே புடைத்த உதட்டின் ஆரம் 2.5க்குக் குறைந்தால், நகர்ந்த பரப்பு தன்னையே தாண்டி மடங்கும். உங்களுக்கு 1.5இல் நிற்கிறது என்றால் அங்கே எங்கோ ஆரம் அந்த அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. ஸ்டார் பாயிண்ட்டில் வளைவு கட்டுக்குள் நிற்காது, அதனால் முதலில் உடைவதும் அங்கேதான்.

ஸ்டார் பாயிண்ட் இல்லாமல் இந்த உருவத்தைச் செய்ய முடியாது. ஆனால் எங்கே வைப்பது என்பது நம் கையில். குழிவைச் சுற்றி இன்னொரு லூப் போட்டு, அந்த இரண்டையும் உதட்டிலிருந்து 12 மி.மீ. தள்ளி, ஏறக்குறைய தட்டையாக இருக்கும் பக்கச் சுவருக்குக் கொண்டுபோங்கள். முழங்கையில் இருப்பவற்றை உள்பக்கம், விரல் மறைக்கும் இடத்துக்கு. தட்டையான இடத்தில் ஸ்டார் பாயிண்ட் இருந்தால் ஸீப்ராவில்கூடக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அதற்கப்புறமும் ஷெல் அடம்பிடித்தால் வேறு வழி இருக்கிறது. சப்டியாக இருக்கும்போதே ஆஃப்செட்சப்டி கொடுத்து உள் கேஜை உண்டாக்குங்கள். இரண்டையும் தனித்தனியாக நர்ப்ஸாக்கி, கேடில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். தடிமன் எல்லா இடத்திலும் துல்லியமாக 2.5 இருக்காது, 2.4, 2.6 என்று வரும். அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

முப்பரிமாண_மாணவி | வியாழன், மாலை 4:50

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். பிளெண்டரில் கிரீஸ் மதிப்பைப் பாதி வைத்தால் லேசாக மழுங்கிய விளிம்பு அழகாக வருகிறதே. அது நர்ப்ஸாக மாறுமா?

கணிதவாணி | வியாழன், மாலை 5:30

மாறும், ஆனால் விலை உண்டு. பாதிக் கிரீஸ் என்றால் முதல் சில சுற்றுப் பிரிப்புகளில் விளிம்பைக் கூர்மையாக வைத்திருந்து, அதன் பிறகு வழக்கமான விதிக்குத் திரும்புவது. அந்தச் சில சுற்றுகளும் முடிந்த பிறகுதான் பரப்பு பி-ஸ்ப்லைன் ஆகிறது. அதனால் அந்த விளிம்பை ஒட்டிய முகங்கள் எல்லாம் பல துண்டுகளாக உடைந்து மாறும், பரப்பு எண்ணிக்கை ஏறும். கேடுக்குப் போகிற மாடல் என்றால் அந்த விளிம்பின் இருபுறமும் இரண்டு லூப் நெருக்கி வையுங்கள். அல்லது முழுக் கிரீஸ் கொடுத்து மாற்றிவிட்டுக் கேடில் ஃபில்லெட் போடுங்கள். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. ஆரம் இவ்வளவு என்று எண்ணில் சொல்ல முடியும், நாளைக்கு மாற்றவும் முடியும்.

வளைகோடு | வியாழன், இரவு 9:00

கயல் சொன்ன இடமாற்றத்தைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது. நாங்கள் பேட்ச் கட்டும்போதும் முதலில் காகிதத்தில் கோடு கிழித்து, எந்தப் பரப்பு எங்கே முடிய வேண்டும், எந்த மூலை எங்கே ஒளிய வேண்டும் என்றுதான் யோசிப்போம். கேஜை அப்படி யோசித்துப் போட்டால் மாற்றி வரும் பரப்பும் ஒரு நல்ல பரப்புக்காரன் கட்டியது போலவே இருக்கும். இந்தக் கைப்பிடிக்கு மறுபடி கட்டத் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாறன், லூப்களைச் சம இடைவெளியில் வைக்கப் பாருங்கள். இரண்டு லூப் நெருங்கி, அடுத்தது தூரமாகப் போனால் அங்கேதான் பரப்பு அலையும்.

பிளெண்டர்_மாறன் | சனி, மாலை 7:15

முடித்துவிட்டேன். பழைய கேஜைத் திருத்தாமல் புதிதாகவே போட்டேன், வளைகோடு சார் சொன்ன மாதிரி காகிதத்தில் கோடு கிழித்துவிட்டு. துளைகள் போனதும் 184 முகம் 112 ஆனது. ஸ்டார் பாயிண்ட் எட்டுதான், எல்லாம் பக்கச் சுவரிலும் உள்பக்கத்திலும். நடு லூப்புக்கு அடுத்த லூப்பை உள்ளே தள்ளியதில் டிராஃப்ட் குறைந்த இடத்திலும் 1.2 டிகிரி. நர்ப்ஸில் 31 பரப்புகள். கிளாம்ப் முகங்களைத் தளத்தால் வெட்டியதும் 74.000 காட்டியது. அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஷெல் முதல் தடவையிலேயே 2.5க்கு வந்தது. பாஸ், ரிப் (வலுவூட்டும் மெல்லிய சுவர்), எம்4 திருகுத் துளை எல்லாம் கேடில் போட்டேன். கட்டைவிரல் குழிவு பழைய பிரிண்ட்டில் இருந்த மாதிரியே இருக்கிறதா என்று இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன், அதிகபட்ச வித்தியாசம் 0.2 மி.மீ. புதிதாக ஒரு பிரிண்ட் எடுத்து அம்மாவிடம் இரண்டையும் கொடுத்தேன். எது புதியது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

கோவை சார், ஸ்டெப்பை உங்களுக்கும் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். மோல்டு செய்பவருக்கு அனுப்பும் முன் ஒருமுறை பார்க்க முடியுமா?

கோவை_டூல்ரூம் | ஞாயிறு, காலை 8:20

பார்த்தேன் தம்பி. அழுத்தியதும் திறந்தது. ஒரே பாடி, எங்கும் பிளவு இல்லை. பார்ட்டிங் விளிம்பை ஒரே தொடலில் சுற்றிலும் தேர்ந்தெடுக்க முடிந்தது. கோரும் (மோல்டில் உள்பக்கத்தை உண்டாக்கும் பகுதி) கேவிட்டியும் பிரித்தே பார்த்துவிட்டேன், சுத்தமாகப் பிரிகிறது.

ஒரே ஒரு திருத்தம். உள்ளே பாஸுக்குப் பக்கத்தில் ரிப் தடிமன் 2 மி.மீ. வைத்திருக்கிறீர்கள். சுவர் 2.5 தான், அதனால் அங்கே பிளாஸ்டிக் கூடுதலாகச் சேர்ந்து, வெளியே கட்டைவிரல் குழிவுக்கு நேர் பின்னால் சிங்க் மார்க் (மேற்பரப்பில் சிறு பள்ளம்) விழும். 1.5 ஆக்கிவிட்டு அனுப்புங்கள்.